நீலத்திலிருந்து மஞ்சளுக்கு: தருமபுரியில் கிடைக்கும் வெள்ளி நானோ கிட் வாங்கலாமா?

தருமபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஆய்வகச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் இப்போது ஒரு வெள்ளி நானோ துகள் கிட் கிடைக்கிறது. முதலில் நீல நிறக் கரைசல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும், அதில் மிதப்பவை முக்கோணத் தட்டு வடிவ வெள்ளித் துகள்கள். அப்புறம் அந்த முக்கோணங்களின் முனைகளை ரசாயனத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்க வேண்டும். அரிக்க அரிக்க நீலம் ஊதாவாகி, சிவப்பாகி, ஆரஞ்சாகி, கடைசியில் மஞ்சளில் வந்து நிற்கும். கல்லூரி வேதியியல் மாணவர்களுக்கு என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். விலை 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. நான் இங்கே ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன், துறைக்காக வாங்கி மாணவர்களைச் செய்ய வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரிக்கும் பகுதி, அதாவது எட்ச்சிங், அருமை. இந்த விலையில் வடிவக் கட்டுப்பாட்டை இவ்வளவு தெளிவாகக் கண்ணால் காட்டும் வேறொரு சோதனை எனக்குத் தெரியாது. துகளைத் தயாரிக்கும் பகுதி அரைகுறை, ஏனென்றால் கொடுத்திருக்கும் ரசாயனங்களில் இரண்டு சரியில்லை. கையேட்டில் விளக்கம் தப்பு. வெறும் அச்சுப்பிழை என்றால் விட்டுவிடலாம், அறிவியலே தப்பாக இருக்கிறது. அதனால் வாங்குங்கள், ஆனால் கையேட்டை அப்படியே நம்பி வகுப்பெடுக்க வேண்டாம்.

பெட்டிக்குள் இருப்பவை: பழுப்புப் பாட்டிலில் சில்வர் நைட்ரேட், டிரைசோடியம் சிட்ரேட், பிவிபி என்று நாம் சுருக்கிச் சொல்லும் பாலிவினைல் பைரோலிடோன், ஹைட்ரஜன் பெராக்சைடு, சோடியம் போரோஹைட்ரைடு. அரிப்பதற்கு மூன்று சொட்டுப் பாட்டில்கள், பொட்டாசியம் குளோரைடு, புரோமைடு, அயோடைடு. தனியாகச் சின்ன பாட்டிலில் அமோனியா. கண்ணாடிக் குப்பிகள், பிளாஸ்டிக் குவெட் (ஒளியை அளக்கக் கரைசல் ஊற்றும் சின்னக் குப்பி), மடித்துச் செய்யும் அட்டை ஸ்பெக்ட்ரோஸ்கோப், கையேடு. கண்ணாடிக் குப்பிகள் நல்ல தரம், மூடி இறுக்கமாக உட்காருகிறது, அதில் குறையே இல்லை.

குறை போரோஹைட்ரைடில். அதை ஒரு சாதாரண ஜிப் கவரில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். காற்றில் இருக்கும் ஈரமே அதைக் கெடுத்துவிடும். நல்ல போரோஹைட்ரைடு உதிரி உதிரியாக வெள்ளைப் பொடியாகக் கொட்டும். எங்களுக்கு வந்த கவரில் கட்டி கட்டியாக ஒட்டிக்கிடந்தது. எங்கள் ஆய்வக உதவியாளர் கவரை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "சார், இது செத்துப் போச்சு, நம்மகிட்ட இருக்கிறதையே எடுத்துக்கலாம்" என்றார். துறையின் பழைய இருப்பில் இறுக மூடிய பாட்டிலில் இருந்ததை எடுத்துத்தான் செய்தோம். உங்கள் துறையில் அப்படி இருப்பு இல்லையென்றால் கிட் வாங்கும்போதே சின்ன பாட்டில் ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள். செலவாவது மிகக் கொஞ்சம்தான். 0.1 மோலார் கரைசல் 10 மில்லி செய்ய 38 மில்லிகிராம் போதும். ஐஸ் தண்ணீரில் கரைத்து உடனே பயன்படுத்த வேண்டும், குப்பியை இறுக மூடவே கூடாது, ஹைட்ரஜன் வந்துகொண்டே இருக்கும். கையேட்டில் இதைத்தான் முதலில் கரைத்து வைக்கச் சொல்கிறார்கள். மற்றதையெல்லாம் அளந்து முடிப்பதற்குள் பாதி வீரியம் போய்விடும், அதுவும் நம் ஊர் ஏப்ரல் மே வெயிலில். எல்லாம் தயாரான பிறகு கடைசியாகக் கரையுங்கள்.

பெராக்சைடு 6 சதவீதம், மருந்துக்கடையில் கிடைக்கும் அதே வகை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 30 சதவீதத்தைத்தான் பயன்படுத்துவார்கள், 25 மில்லி கரைசலுக்கு 60 மைக்ரோலிட்டர் என்கிற அளவில். 6 சதவீதத்துக்கு அதை ஐந்து மடங்காக்கிக் கையேட்டில் சரியாகவே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மருந்துக்கடைப் பெராக்சைடில் அது சிதையாமல் இருக்க ஏதாவது சேர்த்திருப்பார்கள், அது இந்த வேலைக்கு ஆகாது. புது 30 சதவீதப் பாட்டிலுக்கு மாறினதும் நிறம் சுத்தமாக வந்தது. கையுறை போடாமல் தொட்டால் தோல் வெளுத்துப்போய் எரியும், மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, நீலம் எப்படி வருகிறது? காய்ச்சி வடித்த தண்ணீரில் சில்வர் நைட்ரேட், கடைசிச் செறிவு சுமார் 0.1 மில்லிமோலார். அதோடு சிட்ரேட், பிவிபி, பெராக்சைடு. வேகமாகக் கலக்கிக்கொண்டே போரோஹைட்ரைடை ஒரே மூச்சில் விட வேண்டும். உடனே வெளிர் மஞ்சள் வரும். அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமே நடக்காது. அரை மணி நேரம்கூட ஆகலாம். மாணவர்கள் கைபேசியை எடுக்க ஆரம்பிக்கும் நேரம் அதுதான், விடாதீர்கள். மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக அடர்த்தியாகும், திடீரென்று சில நொடிகளுக்குள் சிவப்பு, பச்சை என்று ஓடி நீலத்தில் போய் நின்றுவிடும். அந்தச் சில நொடிகளில் கண்ணாடிக்குள் நடப்பதைப் பார்க்காமல் டீ குடிக்கப் போனால் சோதனையின் உயிரே போச்சு. நிறம் ஓடத் தொடங்கியதும் பெண்ணாகரத்திலிருந்து வரும் ஒரு மாணவி போட்ட சத்தத்தில் பக்கத்து இயற்பியல் ஆய்வகத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இந்த முறையின் மூலம் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். சாட் மிர்கின் குழு அங்கேதான் 2001-ல் ஒளியைக் காட்டியே உருண்டை வெள்ளித் துகள்களை முக்கோணமாக மாற்றியது. 2005-ல் மெத்ரோவும் மிர்கினும் ஒளி இல்லாமல், மேலே சொன்ன பொருட்களை மட்டும் வைத்துச் சீக்கிரம் செய்யும் வழியைக் கொடுத்தார்கள். போரோஹைட்ரைடின் அளவை மாற்றித் தட்டின் தடிமனையும் மாற்றலாம் என்பது அதிலேயே இருக்கிறது. கிட் தயாரித்தவர்கள் அந்தச் செய்முறையைத்தான் சுருக்கியிருக்கிறார்கள், ஆனால் ஒரு வரிகூட அதைப் பற்றிச் சொல்லவில்லை. மாணவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டாமா?

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தையும் கையேடு கோட்டைவிட்டிருக்கிறது. பெராக்சைடுக்கு அதில் ஒரே வரிதான்: "வினையை வேகப்படுத்தும்." உண்மையில் அந்தப் பெராக்சைடுதான் முதல் எட்ச்சிங்கைச் செய்கிறது. போரோஹைட்ரைடு வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து அதை வெள்ளியாக ஒடுக்கிக்கொண்டே இருக்கும்போது, பெராக்சைடு இன்னொரு பக்கம் வெள்ளியைத் திரும்ப அயனியாகக் கரைத்துக்கொண்டே இருக்கும். எல்லா வகைத் துகளும் முதலில் பிறக்கின்றன. நிலையில்லாத உருண்டைகளைப் பெராக்சைடு தின்றுவிடுகிறது. தட்டையான துகள்கள் அதற்குத் தாக்குப்பிடிக்கின்றன, கரைந்த வெள்ளி திரும்ப ஒடுங்கி அவற்றின் ஓரத்தில் போய்ச் சேருகிறது. 2011-ல் கலிஃபோர்னியா ரிவர்சைடில் யாடோங் யின் குழு இதை முறையாகப் பிரித்துப் பார்த்தது. அதுவரை சிட்ரேட்தான் மந்திரப் பொருள் என்று பலரும் நினைத்திருந்தார்கள், பெராக்சைடின் பங்குதான் முக்கியம் என்று அவர்கள் காட்டினார்கள். அப்படியென்றால் இந்தக் கிட்டில் "தயாரிப்பு" என்று ஒரு பகுதி, "அரிப்பு" என்று இன்னொரு பகுதி என்று பிரித்திருப்பதே சரியில்லை. முதல் பகுதியில் முக்கோணம் உருவாவதற்கும் அரிப்புதான் காரணம். இதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், நான் பார்த்தேன்.

இனி இரண்டாம் பகுதி. நீலக் கரைசலைச் சின்னக் குப்பிகளில் பிரித்து ஊற்றி, வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு பொட்டாசியம் புரோமைடு கரைசலைச் சொட்டு சொட்டாக விட வேண்டும். ஒன்றும் விடாத குப்பி நீலமாகவே நிற்கும். கொஞ்சம் விட்டது ஊதாவாகும், கூட விட்டது கத்தரிப்பூ நிறம் தாண்டிச் சிவப்பு, இன்னும் விட்டால் ஆரஞ்சு, மஞ்சள். கைவசம் இருக்கும் ஹாலைடு (குளோரைடு, புரோமைடு, அயோடைடு இவற்றின் பொதுப்பெயர்) தீர்ந்ததும் அரிப்பும் மெதுவாகி அங்கங்கே நின்றுவிடும், அதனால்தான் ஒவ்வொரு குப்பியும் தன் நிறத்தில் நிலைக்கிறது. இந்த வரிசையை வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் வேறு விளக்கமே தேவையில்லை. கிட்டில் சொட்டுப் பாட்டில்களின் செறிவை நன்றாகவே யோசித்து வைத்திருக்கிறார்கள், சொட்டுகளின் வித்தியாசம் நிறத்தில் தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் தருவேன்.

மூன்று ஹாலைடுகளையும் ஒப்பிட்டால்தான் விஷயம் இன்னும் சுவையாகும். அயோடைடு ஒரே சொட்டில் நீலத்தைக் காலி செய்துவிடும், குளோரைடுக்கு நிறைய ஊற்ற வேண்டும், புரோமைடு நடுவில். "சார், டைட்ரேஷன்ல நிக்கிற மாதிரி அயோடைடு எங்கயும் நிக்கவே மாட்டேங்குது" என்று ஒரு பையன் அலுத்துக்கொண்டான். அவனிடம் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த மின்முனை அழுத்தங்களை எடுத்துப் போடச் சொன்னேன். வெறும் வெள்ளி அயனி ஒடுங்குவதற்கு 0.80 வோல்ட். குளோரைடு கூட இருந்தால் 0.22 தான். புரோமைடு என்றால் 0.07. அயோடைடு என்றால் பூச்சியத்துக்குக் கீழே, மைனஸ் 0.15. அழுத்தம் இறங்க இறங்க வெள்ளி சுலபமாக எலக்ட்ரானை விட்டுவிடும், கரைசலில் இருக்கும் காற்று ஆக்சிஜனோ மிச்சமிருக்கும் பெராக்சைடோ அதை வாங்கிக்கொள்ளும். ஹாலைடு தானாகப் போய் வெள்ளியைத் தின்பதில்லை. ஆக்சிஜன் எலக்ட்ரானை எடுக்கிறது, ஹாலைடு வெளியே வந்த அயனியைப் பிடித்துக்கொள்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் அரிப்பு. ஆண்டுக்கணக்காக மனப்பாடம் செய்து வந்த அட்டவணை ஒன்று கண்ணெதிரே மூன்று நிறமாக நிற்பதைப் பார்த்து அந்தப் பையன் அதற்குப் பிறகு நோட்டில் எழுதிய பக்கம் எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஏன் முனை முதலில் போகிறது? புதுச் சோப்புக் கட்டி தேயும்போது மூலைகள்தான் முதலில் மழுங்கும், அதைப் போலத்தான். ஆனால் இங்கே காரணம் அணுக்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. வெள்ளிப் படிகத்தின் உள்ளே ஒவ்வொரு அணுவுக்கும் சுற்றி 12 அண்டை அணுக்கள். தட்டின் மேல்முகம் படிகவியலில் 111 என்று எண் கொடுத்துச் சொல்லும் தளம், அதில் இருக்கும் அணுவுக்கு 9. 100 தளத்தில் 8. முனையில் இருக்கும் அணுவுக்கு அதைவிடவும் குறைவு. பிடித்துக்கொள்ள ஆள் குறைந்த அணுதான் முதலில் கழன்று போகும். அதோடு சிட்ரேட் 111 முகத்தை நன்றாகப் போர்த்திக்கொள்ளும், அதனால் தட்டின் மேலும் கீழும் பத்திரமாக இருக்க, ஓரமும் முனையும் மட்டும் மாட்டிக்கொள்கின்றன. முக்கோணம் முனை மழுங்கி வட்டத் தட்டாகிறது.

கையேட்டின் பெரிய தப்பு இங்கேதான். "துகளின் அளவு குறைவதால் நிறம் மாறுகிறது" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. உருண்டை வெள்ளித் துகள் 10 நானோமீட்டராக இருந்தாலும் 50 நானோமீட்டராக இருந்தாலும் அது ஒளியை உறிஞ்சும் இடம் சுமார் 390-க்கும் 430-க்கும் நடுவில்தான் அசையும், பார்ப்பதற்கு மஞ்சளாகத்தான் இருக்கும். அந்த அளவு உருண்டையைப் பெரிதாக்கி நீலம் வாங்க முடியாது. நீலம் வருவதற்குக் காரணம் வடிவம். தட்டையான, கூரான முனை உள்ள துகளில் எலக்ட்ரான்கள் தட்டின் நீளத்தோடு சேர்ந்து ஊசலாடும்போது சிவப்பு ஒளி பிடிபடுகிறது, மிச்சம் நீலமாகத் தெரிகிறது. முனை மழுங்கி, அகலத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் குறையும்போது உறிஞ்சும் இடம் சிவப்பிலிருந்து பச்சைக்கு, பச்சையிலிருந்து நீலத்துக்கு நகர்கிறது. அளவும் குறைகிறதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வடிவம் என்ற வார்த்தையே இல்லாமல் இதை விளக்கினால், வடிவத்தைக் காட்டவே செய்த கிட்டை ஏன் வாங்க வேண்டும்?

இதை வகுப்பிலேயே நிரூபிக்கலாம், எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் யூவி-விசிபிள் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தால் போதும். முக்கோணத் தட்டுக்கு இரண்டு பீக், அதாவது உறிஞ்சும் உச்சங்கள், முக்கியம். ஒன்று 600, 700 நானோமீட்டர் பக்கம் இருக்கும் பெரிய பீக், அரிக்க அரிக்க இது இடது பக்கம் ஓடிவரும். இன்னொன்று 335 பக்கம் கூர்மையான சின்ன பீக், இது தட்டின் தடிமன் திசையைச் சேர்ந்தது. புரோமைடு விட்டு ஊதா, சிவப்பு, ஆரஞ்சு என்று போகும்போது பெரிய பீக் 500 வரை வந்துவிடும், ஆனால் 335 அப்படியே நிற்கும். துகள் இன்னும் தட்டாகத்தான் இருக்கிறது, முனை மட்டும் போயிருக்கிறது என்று அர்த்தம். 335 மறைந்து 400 பக்கம் ஒரே பீக் மட்டும் நின்றால் தட்டு உருண்டையாகிவிட்டது. டெம் படம், அதாவது எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம், எடுக்க நாங்கள் வெளியூருக்குத்தான் அனுப்ப வேண்டும், காசும் காத்திருப்பும் ஆகும். இந்த ஒரு பீக்கை வைத்து வடிவத்தைப் பற்றி இவ்வளவு பேச முடிகிறதே என்பது மாணவர்களுக்குப் பெரிய பாடம்.

ஆனால் கிட்டில் வந்த பிளாஸ்டிக் குவெட்டில் இந்த 335 சரியாக வராது. அது பாலிஸ்டைரீன், அந்தப் பகுதி ஒளியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். குவார்ட்ஸ் குவெட் வேண்டும். துறையில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அட்டை ஸ்பெக்ட்ரோஸ்கோப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பள்ளி மாணவர்களுக்குக் காட்டலாம், அளவெடுக்க உதவாது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் இந்தக் கிட் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் தண்ணீராகத்தான் இருக்கும். கையேட்டில் "சுத்தமான குடிநீர் பயன்படுத்தலாம்" என்று இருக்கிறது. கூடவே கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்றாலே எல்லோருக்கும் ஃபுளோரைடு ஞாபகம் வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013-ல் அதற்காகத்தான் வந்தது, பல் மஞ்சளாகிப்போனவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் மாணவர்கள் உடனே கேட்பது, "சார், ஃபுளோரைடுதானே நீலத்தைக் கெடுக்குது?" என்றுதான். கெடுப்பது அது இல்லை. சில்வர் ஃபுளோரைடு தண்ணீரில் லிட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் கரையும், வெள்ளி அயனியை அது பிடித்து வைத்துக்கொள்வதே இல்லை. சில்வர் குளோரைடு லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம்தான் கரையும். அரிப்பது குளோரைடு. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தரக் கட்டுப்பாட்டின் ஏற்கத்தக்க அளவு. அதைக் கணக்குப் போட்டால் 7 மில்லிமோலார் வரும், நம் கரைசலில் இருக்கும் வெள்ளியைப் போல 70 மடங்கு. ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம் இருந்தாலும் 0.08 மில்லிமோலார்தான். குடிக்கச் சரியான தண்ணீர் இந்த வேலைக்குச் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இதையே ஒரு சோதனையாக்கிவிட்டோம், கையேட்டில் இல்லாதது. கைவசம் நல்ல நீலக் கரைசல் இருக்கும்போது, ஒரு குப்பியில் காய்ச்சி வடித்த தண்ணீர், ஒன்றில் சோடியம் ஃபுளோரைடு கரைசல், ஒன்றில் மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வெல் தண்ணீர். ஃபுளோரைடு குப்பி நீலமாகவே நின்றது. போர்வெல் தண்ணீர் விட்டது கண்முன்னே நிறம் இறங்கியது. பாலக்கோட்டிலிருந்தும் காரிமங்கலத்திலிருந்தும் வந்த தண்ணீர்களுக்குள் வித்தியாசம் தெரிந்ததும் வகுப்பே போட்டி போட்டுக்கொண்டு பாட்டில் கொண்டுவர ஆரம்பித்தது. இதை வைத்து எந்த ஊர்த் தண்ணீரில் எவ்வளவு குளோரைடு என்று சொல்லிவிட முடியாது, மற்ற உப்புகளும் துகள்களைத் திரட்டிவிடும், ஆனால் ஹாலைடைக் கண்டுபிடிக்க வெள்ளி முக்கோணங்களைப் பயன்படுத்தும் ஆராய்ச்சி உண்மையிலேயே நடக்கிறது, அதன் வாசல் இதுதான்.

எந்தத் தண்ணீர் வாங்குவது? கேன் தண்ணீர் வேண்டாம். பேட்டரி தண்ணீர் என்று விற்பதில் சிலது நன்றாக இருக்கும், சிலது இருக்காது. கொஞ்சம் எடுத்து சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுங்கள், லேசாகப் பால் கலந்தது போல மங்கினாலும் அதைத் தொடாதீர்கள். மங்காவிட்டாலும் முழுக்க நம்ப வேண்டாம், மிகக் குறைந்த குளோரைடு கண்ணுக்குத் தெரியாது. துறையில் இரண்டு முறை காய்ச்சி வடித்தது இருந்தால் அதுவே நல்லது. கண்ணாடிச் சாமான்களைக் கடைசியாக அந்தத் தண்ணீரிலேயே அலச வேண்டும், குழாய்த் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தால் ஓரத்தில் காயும் உப்பே போதும், நீலம் வராது.

அமோனியா பாட்டிலுக்கு வருகிறேன். அமோனியாவும் பெராக்சைடும் சேர்ந்த கலவை வெள்ளிக்கு நல்ல எட்ச்சென்ட். பெராக்சைடு எலக்ட்ரானை எடுக்க, அமோனியா வெள்ளி அயனியைக் கரையும் கூட்டாக மாற்றி இழுத்துக்கொண்டு போகும், வீழ்படிவு தொல்லை இல்லை. 2010-ல் பெர்க்லியில் பீடோங் யாங் குழு இதே கலவையை வைத்து வெள்ளி நானோ படிகங்களை அரித்து, எட்டுக் கை நீட்டிய துகள் வரை செதுக்கியிருக்கிறது. பிவிபி எந்த முகத்தில் ஒட்டிக்கொள்கிறதோ அந்த முகம் தப்பிக்கும், மற்றது குழியும், அந்த வித்தியாசத்தைப் பயன்படுத்துவதுதான் உத்தி. அவ்வளவு அழகான வேலையை இந்தக் கிட்டில் எதிர்பார்க்க முடியாது. மெல்லிய தட்டு இந்தக் கலவையைத் தாங்காது, நீலம் மஞ்சளைக்கூடச் சரியாகக் காட்டாமல் நிறமில்லாமல் போய்விடுகிறது. இந்தப் பாட்டிலை வைக்காமலேயே இருந்திருக்கலாம் என்பது என் கருத்து.

அதைவிட முக்கியம் பாதுகாப்பு. அமோனியா கலந்த வெள்ளிக் கரைசலை எடுத்து வைக்கவே கூடாது. காலம் போகப் போக அதில் வெடிக்கும் தன்மையுள்ள கருப்புப் படிவு உருவாகும், லேசாக அசைத்தாலே வெடிக்கலாம். ஆல்டிஹைடு சோதனைக்குப் பயன்படும் அமோனியா வெள்ளிக் கரைசலான டாலன்ஸ் கரணியைச் செய்த அன்றே அழிக்கச் சொல்வதும் இதனால்தான். அன்றைக்கே நீர்த்த அமிலம் விட்டு அழித்துவிட வேண்டும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கல்லூரிக்கு விற்கும் பொருளில் இதை விட்டது மன்னிக்க முடியாத குறை.

மிச்சக் கரைசலைச் "சிங்கில் ஊற்றவும்" என்றும் போட்டிருக்கிறார்கள். ஊற்றாதீர்கள். வெள்ளி அயனி மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு. அமோனியா சேராத கழிவையெல்லாம் ஒரே பாட்டிலில் சேர்த்து, சமையல் உப்பைப் போட்டு சில்வர் குளோரைடாக வீழ்த்தி, இருட்டில் வையுங்கள். ஒரு முறை செய்ய 25 மில்லியில் கால் மில்லிகிராம் சொச்சம் வெள்ளிதான் செலவாகிறது, 1 கிராம் சில்வர் நைட்ரேட்டில் 2,000 முறைக்கு மேல் செய்யலாம். வெள்ளி விலை இப்போது இருக்கும் நிலையில்கூட இந்தச் சோதனை செலவு வைக்காது. அதனாலேயே கழிவைப் பற்றி அலட்சியமாக இருக்கத் தோன்றும், இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் எதிர்பார்த்தேன், இல்லை. அரிப்பை நிறுத்தும் வழி. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 2009-ல் முக்கோணத்தின் ஓரத்தில் மட்டும் மெல்லிய தங்கப் பூச்சு போட்டு, உப்புக் கரைசலிலும் அரிக்காத துகள்களைச் செய்தார்கள். தங்க உப்பைக் கிட்டில் கொடுப்பது கஷ்டம்தான், ஆனால் கையேட்டில் ஒரு பத்தி எழுதியிருக்கலாமே. வடிவத்தைக் கட்டுப்படுத்துவது என்றால் எப்போது நிறுத்துவது என்பதும் அதில் பாதி.

கடைக்காரரைப் பற்றி நல்லபடியாகவே சொல்ல வேண்டும். போரோஹைட்ரைடு கெட்டுப்போன விஷயத்தைச் சொன்னதும் வாதாடவில்லை. "சார், கம்பெனி அப்படித்தான் அனுப்புது, நான் பாட்டில்ல மாத்திக் குடுக்கறேன்" என்று சின்னப் பாட்டில் ஒன்றைக் காசு வாங்காமல் கொடுத்தார். சொட்டுப் பாட்டில்கள் மட்டும் தனியாகவும் தருகிறார், முழுக் கிட்டையும் திரும்ப வாங்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி, ஓசூர் கல்லூரிகளுக்குப் பார்சல் சர்வீஸில் அனுப்புவதாகவும் சொன்னார், ஆனால் வெயில் காலத்தில் பெராக்சைடைப் பார்சலில் வாங்காதீர்கள், நேரில் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

யூவி-விசிபிள் இருக்கும் கல்லூரி என்றால் தயங்காமல் வாங்கலாம். அது இல்லாத இடத்திலும் நிற வரிசைக்காகவே வாங்கலாம், ஆனால் விளக்கத்தை ஆசிரியர்தான் சுமக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளிக்கு வாங்குவதாக இருந்தால் நீலக் கரைசலை ஆசிரியரே முன்கூட்டிச் செய்து, இருட்டில், குளிரில் வைத்துவிட்டு, மாணவர்கள் கையில் குளோரைடு சொட்டுப் பாட்டிலை மட்டும் கொடுங்கள். பெராக்சைடு, போரோஹைட்ரைடு, அமோனியா மூன்றும் அவர்கள் கைக்குப் போக வேண்டாம்.

கையேட்டில் இருக்கும் தப்புகளையும் விட்டுப்போனதையும் திருத்தி, தமிழில் இரண்டு பக்கம் தட்டச்சு செய்து கடையில் கொடுத்திருக்கிறேன். வடிவம் பற்றிய விளக்கம், போரோஹைட்ரைடைக் கரைக்கும் வரிசை, தண்ணீர்ச் சோதனை, அமோனியாக் கழிவை அழிக்கும் முறை எல்லாம் அதில் இருக்கிறது. கிட்டோடு சேர்த்து ஜெராக்ஸ் தருவதாகச் சொல்லியிருக்கிறார், மறந்துவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.